பாரீசில் முதலில் காண வேண்டியவை

புதுவை மக்களுக்குப் பாரீஸ் முற்றிலும் அயலான நகரமன்று. 1954-இல் ஆட்சி கைமாறி, 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பின்னர், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் நம்மிடையே பல. மகனையும் பேரப்பிள்ளைகளையும் காண விமானம் ஏறும் முதியோர் இன்றும் உள்ளனர். கனகசெட்டிக்குளத்தில் வீடு மந்திரிக்கச் சென்ற நம்மிடம், முதன்முறையாகப் புறப்படவிருந்த தாய் ஒருவர் கேட்டார்: “அங்க என்னத்த சாமி பாக்கணும்?”

சில நாள்கள் அந்நகரில் தங்கி, பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றியவர்கள் என்ற முறையில் நமக்குத் தெரிந்ததைக் கூறுகிறோம். 1900-இல் தொடங்கிய சுரங்க ரயில் விரைவானதுதான். ஆயினும் பல நிலையங்களில் படிக்கட்டுகளே உண்டு. முழங்கால் நோவுடையோர் பேருந்தில் செல்க. சன்னலோரம் அமர்ந்தால் நகரமும் கண்ணில் படும். கடைக்குள் நுழைந்ததும் “போன்ஜூர்” என்று சொல்லுங்கள். நம் பாட்டனார்கள் அறிந்த மரியாதை அது. லூவ்ர் அருங்காட்சியகத்திற்குச் செவ்வாயும் ஓர்சே அருங்காட்சியகத்திற்குத் திங்களும் விடுமுறை. 1889-இல் எழுந்த ஈபெல் கோபுரத்தின் முழு உருவைக் காண, ஆற்றின் மறுகரையிலுள்ள திரொகாதெரோ மேடே ஏற்ற இடம். சோற்றுக்கு நா ஏங்கினால் வடக்கு ரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதிக்குச் செல்க. ஈழத்தமிழர் கடைகளில் இடியப்பமும் கிடைக்கும், தமிழ்ப் பேச்சும் கிடைக்கும்.

இவ்வளவும் கண்டு திரும்பினால் பயணம் நிறைவுறுமா? நம் விசுவாசம் புறப்பட்டு வந்த வழியைக் காணாமல் திரும்பலாமா?

நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15-இல் தீப்பற்றியதையும், 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதையும் அறிவீர்கள். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. எவரேனும் கேட்டால் கொடுக்க வேண்டாம். தீயினின்று மீட்கப்பட்ட, ஆண்டவரின் முள்முடியாகப் போற்றப்படும் திருப்பண்டம் மீண்டும் அங்கே உள்ளது. 1239-இல் அதனைப் பெற்ற புனித லூயி மன்னர் அதற்கென்றே எழுப்பிய சேன்ட் ஷப்பேல் சிற்றாலயம் சில நிமிட நடையில் இருக்கிறது. அதற்கு மட்டும் கட்டணம் உண்டு. முற்பகலில் சென்றால் வண்ணக் கண்ணாடிகள் வழியே ஒளி பாய்வதைக் காணலாம்.

அடுத்து மோன்மார்த்ர் குன்று. உச்சியிலுள்ள திரு இருதய ஆலயத்தில் 1885 முதல் நற்கருணை ஆராதனை இரவு பகலாக நடைபெறுகிறது. படிகளில் ஏற இயலாதோர்க்கு இழுவை ரயில் உண்டு. மணிக்கட்டில் நூல் கட்ட வருவோரிடம் கைநீட்டாதீர்கள்; கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். ஆனால் பலர் கவனியாமல் கடந்து செல்லும் இடமொன்று அக்குன்றின் சரிவில் இருக்கிறது. 1534 ஆகஸ்டு 15-இல் புனித இஞ்ஞாசியாரும் தோழர் அறுவரும் வார்த்தைப்பாடு எடுத்துக்கொண்ட இடம் அது. அந்த அறுவருள் ஒருவர் பாரீசில் பயின்ற சவேரியார். எட்டே ஆண்டுகளில், 1542-இல், அவர் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நம்மவர்க்குத் தமிழில் செபம் கற்பித்துக்கொண்டிருந்தார்! குறித்த நேரங்களில் மட்டுமே அங்குள்ள நிலவறைச் சிற்றாலயம் திறந்திருக்கும். முன்னரே விசாரித்துச் செல்க.

மூன்றாவது, ரூ து பாக் தெரு. 1830-இல் புனித கத்தரீன் லபூரேக்கு அன்னை காட்சியளித்த 140-ஆம் எண் சிற்றாலயத்திற்கு நம்மவர் தவறாமல் செல்வர். அற்புதப் பதக்கங்கள் வாங்கி வருவர். சற்றே நடந்தால் 128-ஆம் எண். பாரீஸ் அந்நிய மறைபரப்புச் சபையின் தாய்வீடு அது. இயேசு சபை கலைக்கப்பட்டபின், 1776-இல் புதுவை மறைப்பணியை ஏற்றவர்கள் இச்சபையினரே. அங்கே 1868-இல் சார்ல் தெ குபெர்தேன் தீட்டிய ஓவியமொன்று உள்ளது. ஆசியாவுக்குப் புறப்படும் இளம் குருக்கள் வரிசையாக நிற்கின்றனர். வழியனுப்ப வந்தோர் அவர்களுடைய பாதங்களை முத்தமிடுகின்றனர். அன்று புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவேயில்லை. தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுக்கத் துணைநின்றவரும், பெண்கல்விக்கென 1844-இல் புதுவையில் துறவியர் சபை கண்டவருமான துப்புயி அடிகளார் அவ்வாறு வந்தவரே.

அந்த ஓவியத்தின் முன் நாம் நெடுநேரம் நின்றோம். நம் தாய்மார் விமான நிலையத்தில் மகனை அனுப்பிவிட்டு அழுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அம்மகன் விடுமுறைக்கு வருவான். வாரந்தோறும் தொலைபேசியில் பேசுவான். அந்தப் பிரெஞ்சுத் தாய்மாருக்கோ அந்த ஆறுதலும் இல்லை. மாதங்கள் கழித்துக் கப்பலில் வரும் கடிதம் ஒன்றே அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் கொடுத்த பிள்ளைகளால் நாம் திருமுழுக்குப் பெற்றோம், எழுத்தறிந்தோம்.

ஆகவே பாரீசுக்குப் போகிறவர்களே, அச்சிற்றாலயத்தில் ஒரு செபமாலை சொல்லுங்கள். போக வாய்ப்பில்லாதவர்களே, வருத்தம் வேண்டாம். அப்பயணத்தின் மறுமுனை நம்மிடமே இருக்கிறது. வரும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் உற்றாரின் கல்லறைகளை மந்திரித்த பிறகு, பிரெஞ்சுப் பெயர் பொறித்த பழைய கல் ஒன்றைத் தேடுங்கள். அதன்மேல் படர்ந்த புல்லை அகற்றி, ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.