பாலித் தீவில் ஒரு கேள்வி

காலை ஆறு மணி. இந்தோனேசியாவின் பாலித் தீவில் உள்ள உபுத் என்னும் ஊர். ஒரு வீட்டு முற்றத்தில் ஊதுவத்திப் புகை மெல்ல எழுகிறது. குருத்தோலையால் முடைந்த சிறு தட்டுகளைத் தாம்பாளத்தில் ஏந்தியபடி வீட்டுத் தலைவி வருகிறார். வாசற்படியில் ஒன்று, அடுப்பங்கரையில் ஒன்று, வீட்டுக் கோவிலில் ஒன்று என வைத்து, மலரால் தீர்த்தம் தெளிக்கிறார். திண்ணையில் அமர்ந்து இதனைக் கண்கொட்டாமல் பார்த்துக் கொண்டிருக்கின்றனர், கும்பகோணத்திலிருந்து வந்து அவ்வீட்டில் தங்கியிருக்கும் ஒரு முதிய தம்பதியர்.

அவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 70. அம்மையாருக்கு 66. இருவருக்கும் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. திருக்கருகாவூரில் நெய்ப் பிரசாதம் பெற்று உண்டதும், இராமேசுவரத்தில் நாகப் பிரதிட்டை செய்ததும் இளமைக் காலத்து நினைவுகளாகிவிட்டன. எழுபதாம் வயதில் பீமரத சாந்தி செய்வது வழக்கம். பிள்ளைகள் முன்னின்று நடத்தும் அவ்விழாவை யார் நடத்துவது என்ற பேச்சு உறவினரிடையே எழுந்தது. அந்தப் பேச்சே வேண்டாம் என்று இருவரும் திருக்கடவூர் சென்று அபிராமி அம்மையையும் அமிர்தகடேசுவரரையும் வணங்கிவிட்டுப் பாலிக்குப் புறப்பட்டனர்.

ஓலைத் தட்டும் ஒரு சொல்லும்

நாள்தோறும் கோலமிடும் கைகளுக்கு அந்த ஓலைத் தட்டு புதுமையாக இருந்தது. அம்மையார் அருகே சென்று விசாரித்தார். அதன் பெயர் ‘சனாங் சாரி’ என்றும், மலர்களைத் திசையறிந்து வைக்க வேண்டும் என்றும் அப்பெண்மணி எளிய ஆங்கிலத்தில் விளக்கினார். கிழக்கே ஈசுவரனுக்கு வெள்ளை மலர், தெற்கே பிரம்மனுக்குச் சிவப்பு, மேற்கே மகாதேவனுக்கு மஞ்சள், வடக்கே விஷ்ணுவுக்கு நீலம் அல்லது பச்சை. வீட்டுக் கோவில் வடகிழக்கு மூலையில் அமைந்திருந்தது. “நம் ஊரில் இதனை ஈசான மூலை என்போம்” என்றார் அம்மையார். இருவரும் தரையில் அமர்ந்து ஓலை முடையத் தொடங்கினர்.

சிறிது நேரத்தில் அந்தக் கேள்வி வந்தது. “உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?”

நாற்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளிலும் ரயில் பெட்டிகளிலும் கேட்ட கேள்விதான். அம்மையார் தலைகுனிந்து, “இல்லை” என்றார்.

அப்பெண்மணி கையை அசைத்து மறுத்தார். “இல்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் நாட்டில் அப்படிச் சொல்ல மாட்டோம். ‘பெலும்’ என்போம். ‘இன்னும் இல்லை’ என்று பொருள்.”

“அறுபத்தாறு வயதிலா?” என்று கேட்டு அம்மையார் சிரித்துவிட்டார்.

“பிறவி இது ஒன்றுதானா?” என்றார் அவர். முன்னோரே தம் குடும்பத்தில் மீண்டும் குழந்தையாகப் பிறக்கின்றனர் என்பது பாலி மக்களின் நம்பிக்கை. வெகு இயல்பாக அதைச் சொல்லிவிட்டு, அடுத்த ஓலையை எடுத்து நீட்டினார்.

தீர்த்தக் கரையில்

மறுநாள் தம்பாக்சிரிங் என்னும் ஊரிலுள்ள தீர்த்தா எம்புல் கோவிலுக்குப் பயணம். காரோட்டி வந்த இளைஞரும் வழியில் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை அம்மையார் தயங்காமல், “பெலும்” என்றார். இளைஞர் மகிழ்ந்து தம் நாட்டுப் பெயர் வழக்கத்தைச் சொல்லலானார். பெரும்பாலான குடும்பங்களில் முதல் பிள்ளை வயான், இரண்டாவது மதே, மூன்றாவது ஞோமன், நான்காவது கெதுத். ஐந்தாவது பிறந்தால் மீண்டும் வயான்.

“எங்களை எல்லாரும் ‘பாபக்’, ‘இபு’ என்று அழைக்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?” என்று பெரியவர் கேட்டார்.

“பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் முறை. பாபக் என்றால் தந்தை, இபு என்றால் தாய்” என்றார் இளைஞர். பின் இருக்கையில் சிறிது நேரம் பேச்சில்லை.

தீர்த்தா எம்புல் கி.பி. 10-ஆம் நூற்றாண்டில், வர்மதேவ மரபு அரசர்கள் காலத்தில் உருவான தலம். மாயாதேனவன் என்னும் அசுரவேந்தன் நஞ்சூட்டிய நீரைப் பருகித் தேவர் படை மாண்டபோது, இந்திரன் நிலத்தைப் பிளந்து அமுத ஊற்றை வரவழைத்து அவர்களை உயிர்ப்பித்தான் என்பது தலவரலாறு. அந்த ஊற்று இன்றும் மணலைக் கிளப்பிக்கொண்டு பொங்குகிறது. அதன் நீர் கல் தாரைகள் வழியே குளத்தில் விழ, மக்கள் வரிசையாக ஒவ்வொரு தாரையிலும் தலை நனைக்கின்றனர்.

சராங் என்னும் வேட்டியை உடுத்தி, இடுப்பில் கச்சை கட்டி, பெரியவரும் குளத்தில் இறங்கினார். வரிசையில் முன்னால் நின்ற உள்ளூர் முதியவர் ஒருவர் அவர் கையைப் பற்றி, இரண்டு தாரைகளைத் தாண்டி அழைத்துச் சென்றார். கரையேறியதும் காரணம் கேட்டார் பெரியவர். இளைஞர் மொழிபெயர்த்தார்: “அவை இறந்தோருக்கான சடங்குக்குரிய தாரைகள். உயிரோடிருப்பவர் அதில் நனைவதில்லை.”

நெடுநாள் நெஞ்சில் கிடந்தது அப்போது வெளிவந்தது. “ஐயா, எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த ஊரில் அப்படிப்பட்டவர் இறந்தால் யார் செய்வார்கள்?”

முதியவர் ஈர ஆடையோடு படியில் அமர்ந்தார். “இங்கேயும் மகன் வேண்டும் என்றுதான் நினைப்போம். இல்லாதவர்கள் உறவில் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பதுண்டு. ஆனால் சாவு ஒரு வீட்டுக்காரியம் அன்று, அது பஞ்சாரின் காரியம்” என்றார்.

பஞ்சார் என்பது பாலியின் ஊர்ப்பகுதி அமைப்பு. ஒவ்வொரு குடும்பமும் அதில் அங்கம். யாரேனும் இறந்தால் ‘குல்குல்’ என்னும் மரத்தாலான ஒலிப்பான் முழங்கும். அதைக் கேட்டதும் வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும். மூங்கில் வெட்டுவோர், பாடை கட்டுவோர், சமைப்போர் எனப் பணி பிரியும். ‘ங்காபென்’ என்னும் தகனச் சடங்குக்குப் பெரும்பொருள் செலவாகும். வசதியற்றோர் உடலை முதலில் புதைத்து வைத்து, பின்னர் பல குடும்பங்கள் சேர்ந்து ஒன்றாகத் தகனம் செய்வதும் உண்டு.

“நான் இதுவரை எத்தனை பேரைச் சுமந்திருக்கிறேன் என்று எண்ணியதில்லை. என்னையும் சுமப்பார்கள்” என்று சொல்லி முதியவர் எழுந்தார்.

வெற்றுப் பீடம்

மாலை ஆறு மணிக்கு உபுத் திரும்பியபோது, ஒலிபெருக்கியில் திரிசந்தியா வழிபாடு ஒலித்தது. நாள்தோறும் மூன்று வேளை ஓதப்படும் அந்தப் பிரார்த்தனையின் முதற்பகுதி காயத்ரி மந்திரமே. உச்சரிப்பு சற்று வேறுபட்டாலும் பெரியவரின் உதடுகள் தாமாகவே உடன் அசைந்தன.

பாலிக் கோவில்களில் நம் கருவறை போன்ற அமைப்பு பெரும்பாலும் இல்லை. திறந்த வெளியில் உயர்ந்து நிற்கும் பத்மாசனத்தின் உச்சியில் இருக்கை மட்டும் உண்டு; அதில் உருவம் இராது. உருவங்கடந்த இறைவனுக்கு உரிய ஆசனம் அது. சிதம்பர இரகசியத்தைத் தரிசித்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வழிபாட்டின் முடிவில் தீர்த்தமும், நெற்றியில் ஒட்டிக்கொள்ள ஈர அரிசியும் அளித்தனர்.

விடைபெறும் நாளில் வீட்டுத் தலைவி, “போய் வாருங்கள், இபு” என்றார். பொருள் தெரிந்து கேட்டபோது அம்மையாருக்குக் கண் நிறைந்தது.

ஊர் திரும்பிச் சில மாதங்களில், அடுத்த தெருவில் தனியே வாழ்ந்த முதியவர் ஒருவர் காலமானார். பெற்ற பிள்ளை இல்லை. உறவென்று வரவும் யாருமில்லை. அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று, “யாருக்குச் சொல்வது?” என்று பேசிக்கொண்டிருந்தனர். அநாதப் பிரேத சம்ஸ்காரம் பெரும் புண்ணியம் என்று காஞ்சி மகாசுவாமிகள் வலியுறுத்தியதைப் பலமுறை படித்தவர் பெரியவர். ஆயினும் அதுவரை அவர் அத்தகைய வாசலில் தயங்கி நின்றவர்தாம்.

அன்று நிற்கவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் பின்னால் நான்கு பேர் வந்தனர். கொள்ளி வைக்க யார் என்று புரோகிதர் கேட்டபோது, “நான்” என்றார்.

காரியங்கள் முடிந்த பின்னர் ஒருநாள், அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அம்மையாரிடம், “மாமி, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை?” என்று கேட்டாள்.

அம்மையார் சிரித்துக்கொண்டே, “இன்னும் இல்லையம்மா” என்றார்.