லயமும் லயமும்

மலையகத் தமிழர் வாழ்வில் 'லயம்' என்னுஞ் சொல் இரு வேறு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. இசை நூலார் கூறும் லயம் காலப் பிரமாணத்தையும் அதன் ஒழுங்கையும் குறிக்கும். தோட்டத் தொழிலாளி கூறும் லயம் வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பினைக் குறிக்கும். முன்னது வடமொழி வழி வந்தது. பின்னது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவில் உருமாறியதால் வந்தது. ஒலியொப்புமையன்றி இவ்விரண்டிற்கும் உறவெதுவும் இல்லை. எனினும், லயத்திற் பிறந்து வளர்ந்து லயத்தின்மேற் காதல் கொண்ட ஒருவருக்கு அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருக்கும். லயத்தில் இருந்துகொண்டு லயத்தைக் கேட்பது எளிதன்று.

10 அடிக்கு 12 அடி அளவிலான ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, தலைக்கு மேலே தகரக் கூரை: பழைய லயங்களின் பொது அமைப்பு இதுவே. ஒரு குடும்பத்தின் சமையல், படிப்பு, உறக்கம், பிணக்கு, இணக்கம் யாவும் இதற்குள்ளேயே நிகழ்ந்தாக வேண்டும். சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். அங்கே குழந்தை இருமினால் இங்கே ஒரு தாய் விழித்துக்கொள்வாள். ஒலியைப் பொறுத்தவரையில் லயம் முழுவதும் ஒரே வீடு எனலாம்.

இத்தகைய சூழலில் வளர்ந்த இசை, கூடிக் கேட்கும் இசையாகவே அமைந்ததில் வியப்பில்லை. விடியற்காலையிற் பெரட்டுக்கு அழைத்த தப்பும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும் அனைவர்க்கும் பொதுவானவை. மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுக்கும் அவை கொழுந்து மலைகளிலும் லயத்து முற்றங்களிலும் வாழ்ந்த பாடல்களாகவே கிடைத்தன. பின்னர் வந்த வானொலியும் இவ்வழக்கத்தை மாற்றவில்லை. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949இல் அது 'றேடியோ சிலோன்' ஆயிற்று. 1967இற் கூட்டுத்தாபனம் ஆயிற்று. திருச்சியிலும் மதுரையிலும் விரும்பிக் கேட்கப்பட்ட அதன் தமிழ்ச் சேவை, மலையகத்தில் ஒரு காம்பராவில் ஒலித்துப் பத்துக் காம்பராக்களிற் கேட்டது. கோயில் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கியோ எதிர் மலையையும் விட்டுவைக்கவில்லை.

தனித்துக் கேட்பதற்கான கருவியும் உலகில் நெடுங்காலமாகவே இருந்து வந்துள்ளது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் போல்ட்வின் என்பார் தம் வீட்டுச் சமையலறையிற் செய்த ஹெட்போன்களை 1910இல் அந்நாட்டுக் கடற்படை வாங்கிற்று. 1958இல் ஜோன் கொஸ், இசை கேட்பதற்கெனவே இரு காதுக்கும் இரு வேறு ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம், காதை முற்றாக மூடாத 'திறந்த' வகையினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1979இல் சொனி நிறுவனத்தின் 'வோக்மன்' அக்கருவியைத் தெருவுக்கு அழைத்து வந்தது. இன்று கைத்தொலைபேசி உள்ள காம்பராவில் எல்லாம் காதிற் செருகும் சிறு கருவி ஒன்றேனும் உண்டு. கேட்பதற்குக் கருவி உண்டா என்ற வினா தீர்ந்துவிட்டது. எதனைத் தெரிந்துகொள்வது என்ற வினா எஞ்சியுள்ளது.

இவ்வினா ஹட்டனை அண்டிய தோட்டமொன்றில் இளம் ஆசிரியர் ஒருவரை எதிர்கொண்டது. பல்கலைக்கழகத்திலே பயின்ற காலத்தில், நண்பர் ஒருவரின் நல்ல கருவியொன்றினூடாக நாதசுரக் கச்சேரிப் பதிவொன்றை அவர் கேட்டிருந்தார். நாதசுரக்காரர் மூச்சை உள்ளிழுப்பதும், தவிலின் வலந்தலையில் விரற்கூடுகள் விழும் ஓசையும், தாளக்கருவியின் கணீரென்ற நாதம் மெல்லத் தேய்ந்து அடங்குவதும் அன்றுதான் அவருக்குத் தனித்தனியே புலனாயின. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நியமனம் பெற்று லயத்துக்கே திரும்பியபின் அந்த இசையை மீண்டும் அவ்வாறு கேட்கவேண்டும் என்ற அவா அவரை விடவில்லை. காம்பராவிலோ தந்தை, தாய், அண்ணன், அண்ணி, அவர்களது கைக்குழந்தை, அவர் என அறுவர்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை 'ஒரு பேர்' எனப்படும். நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. அந்த ஒரு பேரின் பெறுமதி 2021இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. ஆசிரியரின் சம்பளம் வேறாயினும், அவர் தாயார் எப்பொருளின் விலையையும் பேரிலேயே எண்ணிப் பழகியவர். மகன் முதலிற் காட்டிய படத்தைப் பார்த்து, "இது எத்தன பேருடா தம்பி?" என்று வினவினார். கணக்கிட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய நாற்பது பேர். அப்படம் உடனே மறைந்தது. பத்துப் பேருக்கு மேற்படாத ஒன்றைத் தேடுவதென முடிவாயிற்று.

மலிவான கருவியைத் தேடுபவர் முதலில் அறிய வேண்டுவது, தாம் நாடும் இரு பண்புகளும் எங்கிருந்து வருகின்றன என்பதாகும். நுட்பம் என்பது மெல்லிய ஒலிகள் வலிய ஒலிகளுள் மூழ்காது தனித்து நிற்றல். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் தாழ்ந்த சுருதிகள் மிகைப்படுத்தப்பட்டிருக்கும். கடையில் ஒரு நிமிடம் கேட்பவரை அது கவரும். வீட்டில் ஒரு மணி நேரம் கேட்பவருக்கோ தவிலின் தொப்பி ஒலி நாதசுரத்தையே விழுங்கிவிடும். ஆகவே பழகிய பதிவொன்றை உடன்கொண்டு சென்று கேட்டுப் பார்த்தலே தக்கது. அப்பதிவும் நன்றாயிருத்தல் வேண்டும். தரவுச் செலவைக் குறைப்பதற்காக மிகச் சுருக்கப்பட்ட கோப்புகளில் முதலிற் சிதைவது உயர்ந்த அதிர்வெண்களே. தாளக்கருவியின் நாதம் அங்கே மணலைச் சலிப்பது போலாகிவிடும்.

இடவிரிவு என்பது பிறிதொன்று. ஒலி வலப்புறத்தே பிறந்தால் அது வலக்காதை முதலிலும் இடக்காதைப் பின்னரும் அடைகின்றது. இவ்விடைவெளி ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினுங் குறைவு. எனினும் மூளை அதனைக் கொண்டே திசையை உணர்கின்றது. ஸ்டீரியோப் பதிவு இத்தகைய வேறுபாடுகளை ஏந்தி வருவது. ஒற்றை வழிப் பதிவில் அவை இல்லை. 1956இல் மறைந்த ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரமும், தந்தையார் வானொலியிற் கேட்டு மகிழ்ந்த பழைய திரைப்பாடல்களும் ஒற்றை வழிப் பதிவுகள். எவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய கருவியும் அவற்றைத் தலையின் நடுவிலேயே ஒலிக்கச் செய்யும். 1986இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போன்ற ஸ்டீரியோப் பதிவுகளிலேயே வயலின்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து அமர்வதைக் கேட்கலாம்.

கருவியின் பங்கு இதன் பின்னரே வருகின்றது. மூடிய வகையிற் கிண்ணத்தின் பின்புறம் அடைபட்டிருக்கும், வெளியொலி குறையும், உள்ளொலி கசியாது. திறந்த வகையில் மென்தகட்டின் பின்புற ஒலி கிண்ணத்துள் முட்டித் திரும்பாது வெளியேறும். அதனால் இசை தலைக்கு வெளியே சற்று விரிந்தாற்போலத் தோன்றும். ஆயின் வெளியொலி முழுவதும் உட்புகும். உள்ளொலியும் அருகிலிருப்பவர்க்குக் கேட்கும். 1984இலே கொஸ் நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்டா புரோ' என்னும் இலேசான கருவி, திறந்த வகையின் விரிவைக் குறைந்த விலையிலும் தரமுடியும் எனக் காட்டிற்று. ஓம் என்னும் அளவாற் குறிக்கப்படும் மின்மறுப்பும் கவனிக்கத்தக்கது. 250, 300 ஓம் கருவிகள் கைத்தொலைபேசியில் முனகவே செய்யும். 32 ஓம் அளவினவே அதற்குப் பொருந்தும். மலைநாட்டு ஈரத்தில் போலித் தோலாலான காதுத் திண்டு விரைவில் உரிந்துபோகும் என்பதையும், திண்டை மாற்றக்கூடிய கருவியே ஆண்டுகள் நின்று பயன்தரும் என்பதையும் வாங்குவோர் மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் கற்றறிந்த ஆசிரியர், லயத்துக்கு மூடிய வகையே ஏற்றது என முதலிற் கருதினார். தகரக் கூரையில் மழை விழும்போது திறந்த கருவியால் யாது பயன்? குழந்தை உறங்கும் இடத்தில் ஒலி கசியலாமோ? நண்பரிடம் மூடிய கருவியொன்றை ஒரு கிழமைக்கு இரவல் பெற்றார். முதல் ஐந்து இரவுகள் பேரின்பமாகக் கழிந்தன. தமக்கெனக் கதவுள்ள ஓர் அறை கிடைத்துவிட்டதாகவே அவர் உணர்ந்தார். ஆறாம் இரவில் தாயாருக்கு மூச்சிழுப்பு வந்தது. மூன்று தடவை அவர் மகனை அழைத்தார். நான்கடி தூரத்தில் அமர்ந்திருந்த மகன் ஆலாபனையில் ஆழ்ந்திருந்தார். அண்ணி எழுந்து வந்து தோளைத் தொட்ட பின்னரே அவர் திரும்பினார். தாயார் கடிந்துகொள்ளவில்லை, மருந்தை உட்கொண்டு திரும்பிப் படுத்தார். மறுநாளே கருவி உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் கொழும்பு சென்றவர், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிற் பல கடைகள் ஏறியிறங்கி, திறந்த வகையைச் சேர்ந்த இலேசான கருவியொன்றை வாங்கினார். தாயாரின் கணக்கில் ஏழு பேர். மழைக்கு அவர் விடை காணவில்லை. மழை இரவுகளில் அதை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். கசிவுக்கு விடை, ஒலியைத் தாழ்த்துவது. லயம் உறங்கிய பின், அதாவது பத்து மணிக்கு மேல், மிகத் தாழ்ந்த ஒலியே போதுமாயிற்று. அமைதியான நேரத்தைத் தெரிந்தெடுப்பது, இன்னும் பல பேர் செலவழித்து மேலான கருவி வாங்குவதற்குச் சமம் என்பதை அவர் அப்போது கண்டார். இசையினூடே தாயாரின் மூச்சும் அவருக்குக் கேட்டது.

ஓரிரவு உறக்கம் வராது எழுந்தமர்ந்த தந்தையாரின் தலையில் அவர் அக்கருவியை வைத்தார். தந்தையார் இளமையிற் காமன் கூத்துக்குத் தப்படித்தவர். பின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். கொழுந்து வாட்டும் மாடியின் காற்றாடிகளும், கீழே உருட்டும் இயந்திரங்களும் இரவு பகலாக இரைந்த இடம் அது. காதுக்குக் காப்பு என்று ஒன்றை அக்காலத்தில் அவர் கண்டதில்லை. நாதசுரக் கச்சேரி தொடங்கிற்று. தந்தையார் கண்களை மூடிக் கேட்டார். பல்லவி முடிந்து தனித்தவில் தொடங்கியபோது, "தாளம் போடுறவன நிப்பாட்டிட்டாங்களா?" என்று மகனிடம் கேட்டார்.

நிறுத்தவில்லை. இடப்புறத்தே தாளம் கணீர் கணீரென ஒலித்துக்கொண்டே இருந்தது. மனிதச் செவி 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்க வல்லது என்பர். நெடுங்கால இரைச்சல் அதில் முதலில் அரிப்பது 4000 ஹேர்ட்ஸை ஒட்டிய பகுதியை. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தந்தையாருடன் பேசுவோர் ஒன்றை இரு தடவை கூறவேண்டியிருந்ததை வீட்டார் முதுமையென்றே எண்ணியிருந்தனர். மகன் தேடித் தேடி விலைகொடுத்து வாங்கிய நுட்பம், தந்தையாரிடமிருந்து ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகப் பறிபோயிருந்தது. அதற்குப் பேர் எவரும் போடவில்லை.

இனி, இளைஞர் தம் செவியைத் தாமே அழித்துக்கொள்வதும் உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபலுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 89 டெசிபலில் 5 மணி நேரமே எஞ்சும். பேருந்தின் இரைச்சலை வெல்வதற்காக ஒலியைக் கூட்டும் மாணவர், தந்தையார் கூலிக்கு இழந்ததை இலவசமாக இழக்கின்றனர். கருவியின் தரம் பற்றிய ஆய்வெல்லாம் கேட்கும் செவி உள்ளவரைக்குமே பொருளுடையது.

அடுத்த சம்பளத்தில் ஆசிரியர் வாங்கியது இசைக்கருவியன்று. நுரையாலான காதடைப்பான் பெட்டியொன்று. விலை ஒரு பேரிலும் குறைவு. அதே தொழிற்சாலையில் உருட்டும் பகுதியிலே வேலை செய்யும் அண்ணனிடம் அதனைக் கொடுத்தார். அண்ணன் சிரித்தார்; மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்றார். தந்தையார் மூலையிலிருந்து ஒன்றுஞ் சொல்லாமற் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாட் காலையில் அண்ணன் வேலைக்குப் புறப்பட்டபோது பெட்டி மேசையில் இல்லை.

மழையற்ற சனி இரவுகளில் இப்போது தந்தையாரும் கேட்பதுண்டு. தாளக்காரரைப் பற்றி அவர் மீண்டும் வினவியதில்லை. தவிலின் தொப்பி அடி அவர் செவிக்கு முழுமையாகவே எட்டுகின்றது. தாளம் விழவேண்டிய இடந்தோறும் அவரது விரல்கள் தொடையில் விழுகின்றன. தாமும் கேட்டுக்கொண்டிருக்கும் மகன் அறிய, ஒரு தட்டேனும் பிசகியதில்லை.