மொட்டைப் பெட்டிஷன்

ஏற்காட்டுக்கு மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவுக்குள் என் வயிறு ராஜினாமாக் கடிதம் எழுதிவிடும். சொந்த ஊரே சேலம்தான் என்று சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். மலையடிவாரத்தில் பிறந்துவிட்டு மலை ஏறினால் மஞ்சள் எலுமிச்சையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

போன டிசம்பரில் காலேஜ் ஹாஸ்டல் நண்பர்கள் ஐந்து பேர் ஒரே காரில் கிளம்பினோம். ராத்திரி காட்டேஜில் சீட்டுக் கச்சேரி. சரியாக 9 மணிக்கு ஒருத்தன் மட்டும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு வந்தான்.

"என்னடா, சுகரா? இந்த வயசுலயா?" என்று ஆளாளுக்குக் கிண்டல்.

"ஆமாண்டா, சுகர்தான். சீட்டைப் போடு" என்று சிரித்தான்.

மறுநாள் காலை மற்ற மூன்று பேரும் குறட்டையில் இருக்க, நானும் அவனும் லேடீஸ் சீட் வரை நடந்தோம். கீழே சேலம் பனிக்குள் பாதி தெரிந்தது. ஆரஞ்சுக்காரம்மாவிடம் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தோம்.

"சுகர் இல்லடா. எச்.ஐ.வி. நாலு வருஷமாச்சு" என்றான், ஏதோ பஸ் நம்பர் சொல்கிற மாதிரி.

என்ன பதில் சொல்வது? பி.காம்.-ல் இதற்கெல்லாம் பாடம் கிடையாது. பேந்தப் பேந்த விழித்தேன். எனக்கு ஞாபகம் வந்தது என் சித்தப்பா.

சித்தப்பா லாரி டிரைவர். நாமக்கல் வண்டி. மாதக் கணக்கில் வடக்கே போய்விடுவார். எப்போதாவது ஏற்காட்டுக் காபி மூட்டை லோடு கிடைத்தால் என்னையும் கேபினில் தூக்கிப் போட்டுக்கொள்வார். நான் வளைவுகளை எண்ண எண்ண அவர் ஹாரன் அடிப்பார். அப்போதெல்லாம் எனக்கு வாந்தி வந்ததே இல்லை. இறங்கும்போது மடி நிறைய ஆரஞ்சு.

ஒரு ஆள் ஒரு மூட்டை தூக்கினால் அவர் இரண்டு தூக்குவார். அப்பேர்ப்பட்டவர் 1999 வாக்கில் இளைக்க ஆரம்பித்தார். வீட்டில் டி.பி. என்றார்கள். பிறகு யாரோ பாட்டியின் காதில், "லாரிக்காரங்களுக்கு வர்ற சீக்காம்" என்று ஓதிவிட்டுப் போனார்கள். அந்த யாரோ யாரென்று இன்றுவரை தெரியாது. மறுநாளே சித்தப்பாவுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. கொல்லைப்புறம் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் பாய்.

ஒருநாள் அங்கே உட்கார்ந்தபடி ஆரஞ்சு உரித்து, "இந்தா கண்ணு" என்று நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு சுளையாக அவரே தின்றார். 2001-ல் போய்விட்டார். எனக்கு அப்போது பத்து வயசு.

இதை நண்பனிடம் சொல்லிவிட்டு, ரொம்ப நாளாக மனசில் கிடந்த கேள்வியையும் கேட்டேன்: "மலை மாதிரி இருந்தவர்டா. உடம்புக்குள்ளே காவல்னு ஒண்ணு கிடையாதா?"

அவன் விலங்கியல் படித்தவன். தனக்கு வந்ததும் இதைப் பற்றி விழுந்து விழுந்து படித்திருக்கிறான்.

"காவல் உண்டு. நல்ல ஆளுதான். பேருதான் வாயில நுழையாது. ஏபோபெக்-3ஜி."

"பி.காம்.காரனுக்குப் புரியற மாதிரி சொல்லு."

"சரி, உடம்புல ஒரு செல்லை ஒரு கம்பெனின்னு வெச்சுக்கோ."

அவன் சொன்னதை என் பாஷையில் தருகிறேன். வைரஸ் கொண்டுவருவது ஆர்.என்.ஏ. என்ற கள்ளக் கணக்கு நோட்டு. அதை டி.என்.ஏ.வாகப் பிரதி எடுத்து, கம்பெனியின் பேரேட்டிலேயே ஒட்டிவிட வேண்டும். ஒட்டிவிட்டால் அப்புறம் கம்பெனியே கள்ளச் சரக்கைத் தயாரிக்க ஆரம்பித்துவிடும். இங்கேதான் நம்ம ஏபோபெக், நேர்மையான பழைய அக்கவுண்டன்ட், ஒரு வேலை செய்கிறார். வெளியே போகிற சரக்குப் பெட்டிக்குள் சத்தமில்லாமல் ஏறிக்கொள்கிறார். அடுத்த கம்பெனியில் பெட்டியைப் பிரித்துப் பிரதி எழுதும்போது, 'ஸி' என்று எழுதிய இடங்களில் 'யு' என்று திருத்திக்கொண்டே போகிறார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏகப்பட்ட இடங்களில். கணக்கு நாறிவிடும். வைரஸ் போண்டி.

"அப்புறம் எப்படிடா ஜெயிக்குது?"

"விஃப்-னு ஒரு புரோட்டீன். குட்டியூண்டு. வைரஸ்கிட்ட இருக்கிறதே ஒன்பது ஜீன். அதுல ஒண்ணோட வேலையே இதுதான்."

இந்த விஃப் அக்கவுண்டன்டை அடிப்பதில்லை, கடிப்பதில்லை. செய்வதெல்லாம் மொட்டைப் பெட்டிஷன் போடுவதுதான். செல்லுக்குள் பழசாகிப்போன புரோட்டீன்களுக்கு 'உதவாது' என்று முத்திரை குத்த ஓர் இலாகா இருக்கிறது. முத்திரையின் பெயர் யுபிக்விட்டின். முத்திரை விழுந்ததை அரைத்துத் தள்ள புரோட்டியசோம் என்ற இயந்திரமும் இருக்கிறது. விஃப் ஒரு கையால் அக்கவுண்டன்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த முத்திரைக்காரனை இழுத்துவந்து நிறுத்துகிறது. முத்திரை கம்பெனியுடையது. குத்துகிறவன் கம்பெனி ஆள். அரைக்கிற மெஷினும் கம்பெனியுடையதே. நல்ல மனிதர் பெட்டியில் ஏறுவதற்கு முன்பே காலி!

விஃப் இல்லாத வைரஸ் சில செல்களில் நொண்டியடிக்கிறது என்பது 1987-லேயே தெரிந்துவிட்டதாம். ஏன் என்று கண்டுபிடிக்க 2002 ஆனது. ஆன் ஷீஹி, மைக்கேல் மாலிம் ஆகியோரின் குழு அந்த அக்கவுண்டன்டைக் கையும் களவுமாக அடையாளம் காட்டியது.

"இன்னொரு வேடிக்கை. ஆப்பிரிக்காவில பச்சைக் குரங்குன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கும் இதே அக்கவுண்டன்ட் உண்டு. 384 அமினோ அமிலத்துல 128-வது இடத்துல வேற ஒண்ணு இருக்கு. அது ஒண்ணு போதும், நம்ம விஃப்பால அவரைப் பிடிக்கவே முடியலை. பெட்டிஷன் செல்லாது!"

"நீ போடற மாத்திரை விஃப்புக்கா?"

"இல்லடா. விஃப்பை அடக்குற மருந்து இன்னும் கடைக்கு வரலை. இது மூணு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. டெனோஃபோவிரும் லாமிவுடினும் பிரதி எழுதுற பேனாவை உடைக்கும். டோலுடெக்ராவிர் பேரேட்டுல ஒட்டவிடாது. கவர்மென்ட்டுல இலவசம். டெஸ்ட்ல வைரஸ் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைஞ்சு, அப்படியே இருக்குதுன்னா தாம்பத்தியத்துல கூட அடுத்தவங்களுக்குப் போகாது. ராத்திரி 9 மணியை மட்டும் மறக்கக் கூடாது."

நான் மனசுக்குள் வருஷக் கணக்குப் போட்டேன். இந்தியாவில் இந்த வைரஸை முதன்முதலில் கண்டுபிடித்தது நம்ம சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது தெரியவந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ல். சித்தப்பா போனது 2001. மூன்றே வருஷம்.

ஆனால் மருந்து வந்திருந்தாலும் அவர் அதைக் கேட்டு வாங்கியிருப்பாரா? கேட்க வாய் திறந்திருக்க முடியுமா? எங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தது யாரோ காதில் ஓதிய ஒரு வரி மட்டும். முத்திரை குத்தியது நாங்கள். பாட்டி ஒன்றும் கெட்டவள் இல்லை. தினமும் அந்தத் தனித் தட்டில் அவருக்குப் பிடித்த கீரையைத்தான் போட்டாள், அழுதுகொண்டே.

"ஆபீஸ்ல தெரியுமாடா?" என்றேன்.

"தெரியாது. இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பக் கூடாதுன்னு 2017-லேயே சட்டம் இருக்கு. ஆனா சட்டம் சாப்பாட்டு மேஜை வரைக்கும் வராதே. சொன்னா, மத்தியானம் என் பக்கத்துல யாரு உட்காருவா? உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

பேசிக்கொண்டே ஓர் ஆரஞ்சை உரித்து முடித்திருந்தான். ஒரு சுளையைப் பிய்த்து என் பக்கம் நீட்டினான்.

விஃப், ஏபோபெக், யுபிக்விட்டின் எல்லாவற்றையும் அரை மணி நேரம் மண்டையை ஆட்டி ஆட்டிக் கேட்டவன் நான். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது ஒட்டாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் என் கை அரை விநாடி நின்றது. சத்தியமாக நின்றது. அதை அவனும் பார்த்துவிட்டான்.

அந்த அரை விநாடியில் பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குரங்கு பாய்ந்து சுளையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அதற்கு ஒரு தயக்கமும் இல்லை. கொட்டையைத் துப்பிவிட்டு எங்களையே பார்த்தது.

அவன் சிரித்துவிட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"இன்னொண்ணு உரிடா" என்றேன்.

அவன் பையில் கையை விடுவதற்கு முன்பே என் கையை நீட்டி வைத்துக்கொண்டேன்.