செஞ்சியில் ஒரு நாள்

புதுச்சேரியிலிருந்து செஞ்சி சுமார் 70 கிலோமீட்டர்தான். திருவண்ணாமலைக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்த ஊர். இந்தத் தை மாதம் பேத்தி கூப்பிட்டாள் என்று ஒரு நாள் முழுக்க அங்கேயே இருந்துவிட்டு வந்தேன்.

திண்டிவனம் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. மண் மலை கிடையாது. யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல உருண்டைப் பாறைகள். இடுக்குகளில் முள்ளும் புதரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுற்றி ஓடுகிறது மதில். உயரமானது ராஜகிரி, ஏறத்தாழ 800 அடி.

எனக்குச் செஞ்சி இரண்டு விதமாக அறிமுகம். பள்ளிக்கூடத்தில் எல்லாமே பிரெஞ்சில்தான். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற தளபதி ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்ததை எங்கள் முசியே மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லுவார். வீட்டுக்கு வந்தால் அம்மா தேசிங்கு ராஜன் கதை சொல்லுவாள். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்கு வந்த மகமத்கானைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் கம்மிவிடும். இரண்டும் ஒரே கோட்டை என்பதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

கீழே கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம் எல்லாம் நிதானமாகப் பார்த்தோம். பிறகு படி ஏறினோம். கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை வந்ததும் முழங்கால் போதும் என்றது.

"தாத்தா, நீங்க இங்கயே நிழல்ல உக்காருங்க. நான் உச்சி வரைக்கும் போயிட்டு வரேன்" என்று தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். உச்சிக்கு முன்னால் ஒரு பெரிய பிளவு உண்டு. அதன் மேல் பாலம். அதை இழுத்துவிட்டால் எதிரி உள்ளே வர முடியாது. அவள் திரும்பி வரும்வரை எனக்குப் படபடப்புதான்.

இறங்கி வந்தவள் கேட்டாள்: "கடைசியில இந்தக் கோட்டையை ஜெயிச்சது யாரு தாத்தா?"

எண்ணிப் பார்த்தேன். நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, பல வருட முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர், பிறகு பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். எல்லோரும் ஜெயித்தார்கள், எல்லோரும் போய்விட்டார்கள். ஊர் பாடுவதோ 1714இல் ஆற்காட்டு நவாபிடம் தோற்று, இருபத்திரண்டு வயதில் செத்த தேசிங்கை. எங்கள் ஊர் புஸ்ஸி வீதிகூட இன்று லால் பகதூர் சாஸ்திரி வீதி. அவளிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ அம்மாயி சொன்ன கதைதான் ஜெயிச்சுது" என்றாள்.

திரும்பும்முன் கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது. இங்கிருந்த உயரமான தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவைதான். ஐம்பது வருடமாக வேலை முடிந்து அவற்றின் அடியில் உட்கார்ந்து காற்று வாங்கியிருக்கிறேன். அவை புறப்பட்ட இடத்தில் நின்றபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

போக நினைப்பவர்கள் மாசிக்குள் போய்விடுங்கள். பங்குனி வந்தால் பாறை சுடும். காலையிலேயே ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் அவசியம். கையில் பலகாரப் பொட்டலம் வேண்டாம், குரங்குகள் விடாது. நேரமிருந்தால் பக்கத்திலுள்ள திருநாதர்குன்றையும் பாருங்கள். ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற துறவியின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. அவ்வளவு உயரமில்லை, நம் வயதுக்காரர்கள் மெதுவாக ஏறிவிடலாம்.