யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது

அமெரிக்க வருமான வரிப் படிவத்தின் ஷெட்யூல் 1-இல் 8ஆர் லைன் வந்துவிட்டதால் ஃபெலோஷிப் பணம் இனி ஒரு பிரச்சினையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில், பிஎச்.டி. முடிக்கப்போகிற ஒரு பையன் என்னைத் தன் நண்பனிடம் "ஆன்ட்டி டாக்ஸ் டைப் பண்ணித் தருவாங்கடா" என்று அறிமுகப்படுத்தினான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் இருக்கும் எண்ணை எடுத்து இன்னொரு கட்டத்தில் போடுவதுதான் என் வேலை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. வரும் ஏப்ரலோடு அலுவலகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கிறேன். அன்று அவனிடம் சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

எண்ணை எடுக்க முதலில் காகிதம் வேண்டுமே! அமெரிக்காவில் பல்கலைக்கழக ஊரில் என்ரோல்டு ஏஜென்டாக, அதாவது வரித்துறை உரிமம் பெற்ற வரி ஆலோசகராக, இருப்பவளுக்குப் பெரும்பாலும் காகிதமே வராத பணத்தோடுதான் மல்லுக்கட்டு. டீச்சிங் அசிஸ்டென்ட், ரிசர்ச் அசிஸ்டென்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஜனவரி முடிவதற்குள் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் வந்துவிடும். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபெலோஷிப்பில் இருக்கும் அமெரிக்க மாணவருக்கு எந்தப் படிவமும் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. சில இடங்களில் 1098-டியின் 5-ஆம் கட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். சில இடங்களில் 1099-மிஸ்க், 3-ஆம் கட்டம். சிலர் மரியாதைக்கு ஒரு கடிதம் அனுப்புவார்கள். பலர் அதுவும் அனுப்புவதில்லை. மாதாமாதம் வரிப் பிடித்தமும் கிடையாது; ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று தவணையாகத் தானே கட்ட வேண்டும் என்பது முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மறு ஏப்ரலில்தான் தெரியும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அமெரிக்க அம்மாள். நான் அப்போது எச்-4 விசாவில் இருந்தேன்; சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. பொது நூலகத்தில் நடந்த இலவச வரி உதவி முகாமுக்குத் தன்னார்வலராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாணவர்கள் நீட்டும் உறையை வாங்கியதும் அவர் பிரிக்க மாட்டார். மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார். இந்தப் பணத்தை யார் கொடுத்தது? எதற்குக் கொடுத்தது? நாளையிலிருந்து நீ லேபுக்குப் போகாவிட்டால் நிற்குமா? நின்றால், வேலை நடக்கவில்லை என்று நிற்குமா, படிப்பை விட்டுவிட்டாய் என்று நிற்குமா? இந்த மூன்றாவது கேள்வியில் பாதிப் பேர் விழிப்பார்கள். அவர்கள் விழித்து, யோசித்து, பதில் சொல்லும் வரை பென்சிலை எடுக்க மாட்டார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதையும் பொருட்படுத்த மாட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு வேர் உண்டு. 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பிங்லர் எதிர் ஜான்சன் வழக்கை அவர் கதை மாதிரி சொல்வார். பிட்ஸ்பர்க் பக்கம் வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர்கள் சிலர் முனைவர் பட்ட ஆய்வுக்காக விடுப்பில் போகிறார்கள். கம்பெனி சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. படித்து முடித்ததும் திரும்பி வந்து அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இது உதவித்தொகை, வரி கிடையாது என்றார்கள் அவர்கள். இல்லை, கைம்மாறு எதிர்பார்த்துக் கொடுத்த சம்பளம் என்றது நீதிமன்றம். ஃபெலோஷிப் கடிதம் என்று எது வந்தாலும் அம்மாள் அதில் கைம்மாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார். மாணவர் செய்ய வேண்டியதைச் சொல்லும் வாக்கியங்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுவார். கடிதம் முழுக்கக் கோடே விழவில்லை என்றால்தான் அது ஃபெலோஷிப். அதன்பின் 1040 வரிப் படிவத்தில் சம்பள லைனுக்குப் பக்கத்துப் புள்ளிக்கோட்டில் எஸ்சிஎச் என்று மூன்றெழுத்து எழுதுவார். 2017 வரை அது 7-ஆம் லைன், 2018 முதல் 2021 வரை முதல் லைன். அந்த மூன்றெழுத்து இல்லாவிட்டால் டபிள்யூ-2வில் இருப்பதைவிடச் சம்பளம் கூடுதலாக நிற்கும்; ஏன் என்று சொல்ல ஆளிருக்காது. இன்று அந்தப் புள்ளிக்கோட்டின் வேலையைத்தான் 8ஆர் செய்கிறது. கேள்விகளை அது கேட்பதில்லை.

இனி ஐஆர்ஏ. என் தொழில் வாழ்க்கையில் என்னை அதிகம் கோபப்படுத்தியது இதுதான்.

ஓய்வுக்காலச் சேமிப்புக்கான இந்தக் கணக்கு 1974-இல் வந்தது. இதில் பணம் போட உழைத்துச் சம்பாதித்த வருமானம் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. பட்டப்படிப்பு மாணவரின் உதவித்தொகைக்கு அந்தக் காலத்தில் வரி கிடையாது, அதனால் யாரும் கவலைப்படவில்லை. 1986-இன் வரிச் சீர்திருத்தச் சட்டம், கல்விக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், பாடத்துக்குத் தேவையான புத்தகம், கருவி ஆகியவற்றுக்குப் போனது போக மீதி எல்லாவற்றுக்கும் வரி என்றது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கும் ஸ்டைபெண்ட் முழுவதும் வரிக்குள் வந்தது. ஆனால் ஐஆர்ஏ விதியை யாரும் தொடவில்லை. வரி கேட்கும்போது வருமானம், சேமிக்கப் போனால் வருமானம் இல்லை என்ற நிலை 2019 வரை நீடித்தது. 1991-இல் வரித்துறையான ஐஆர்எஸ் ஒரு வழிமுறை வெளியிட்டது: டபிள்யூ-2வின் முதல் கட்டத்தில் இருக்கும் தொகையை ஐஆர்ஏவுக்கான வருமானமாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பணத்தின் தன்மையைவிட அது எந்தக் காகிதத்தில் வந்தது என்பதே முக்கியமாகிப் போனது. ஒரே லேபில், ஒரே மேசையில் இரண்டு பேர். பேராசிரியரின் கிராண்டிலிருந்து ஆர்.ஏ. சம்பளம் வாங்குபவர் ராத் ஐஆர்ஏ (வரியை இப்போதே கட்டிவிடும் வகை) திறக்கலாம். நாடு முழுக்கப் போட்டியிட்டு நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் ஃபெலோஷிப் வென்றவர் திறக்க முடியாது. கெட்டிக்காரருக்குத்தான் தண்டனை. வரி அடுக்கில் கீழே இருக்கும் மாணவப் பருவத்தைவிட ராத் கணக்குக்கு நல்ல காலம் வேறு வராது. அந்தக் காலம்தான் அவர்களுக்குப் போயிற்று.

இந்தக் கொடுமைக்குச் சிலர் கண்டுபிடித்த குறுக்குவழி அதைவிடக் கொடுமை. பக்கத்துத் தெருவில் சீசனுக்கு மட்டும் திறக்கும் ஒரு வரிக்கடையில், ஒரு மாணவியின் ஃபெலோஷிப்பை ஷெட்யூல் சி-யில் சொந்தத் தொழில் வருமானமாகப் போட்டுக் கொடுத்தார்கள். அப்படிப் போட்டால் ஐஆர்ஏ கதவு திறக்கும், உண்மைதான். கூடவே 15.3 சதவீதச் சுயதொழில் வரியும் வந்து உட்காரும். 30,000 டாலர் ஸ்டைபெண்டுக்கு அது ஏறக்குறைய 4,239 டாலர். சேமிக்கப் போனதோ 5,500. அந்தப் பெண் என்னிடம் வந்தபோது இரண்டாண்டு ரிட்டர்ன்களைத் திருத்தி அனுப்பினேன்.

இன்னொருவர் எவரையும் கேட்காமல் 2017-க்கு 5,500 டாலரை ராத் கணக்கில் போட்டிருந்தார். அந்த ஆண்டு அவருக்கு ஃபெலோஷிப் மட்டுமே. போடத் தகுதியில்லாத பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் அபராத வரி, அது கணக்கில் கிடக்கும் ஒவ்வொரு ஆண்டும். 2017-க்கு 330, 2018-க்கு இன்னொரு 330. 2019-இல் அவருக்கு டீச்சிங் வேலை கிடைத்து டபிள்யூ-2 வந்தது. அந்த ஆண்டு புதிதாக ஒரு டாலரும் போடாதே என்று தடுத்து, பழைய 5,500-ஐ 2019-இன் 6,000 வரம்புக்குள் கரைத்தேன். படிவம் 5329-ஐ ஆண்டுவாரியாக நிரப்ப வேண்டியிருந்தது. இதற்குப் பெயர்தான் டைப் பண்ணுவது.

சட்டம் திருந்தியது 2019 டிசம்பரில். மாசசூசெட்ஸின் எலிசபெத் வாரனும் யூட்டாவின் மைக் லீயும் (ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி) முன்பே இதற்கென ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார்கள். கடைசியில் ஆண்டிறுதிச் செலவு மசோதாவோடு வந்த செக்யூர் சட்டத்தில் அந்தக் கருத்து இடம்பிடித்தது. பட்டமேற்படிப்புக்கோ முனைவருக்குப் பிந்தைய ஆய்வுக்கோ உதவியாகக் கொடுக்கப்பட்டு, வரிக்குரிய வருமானத்தில் சேரும் தொகை 2020 முதல் ஐஆர்ஏவுக்குச் செல்லும். அம்மாள் அதற்குள் முகாமுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். போன் செய்து சொன்னேன். "இளங்கலைக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் மறுபடியும் கேட்க வேண்டும்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரே பணம் ரிட்டர்னின் ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறாக நடந்துகொள்கிறது. 23 வயது முதலாண்டு மாணவிக்கு ஃபெலோஷிப் மட்டும் இருந்தால் படிவம் 8615 அதை உழைக்காத வருமானமாகப் பார்த்துப் பெற்றோரின் வரி விகிதத்தைக் கேட்கலாம். அதே மாணவியைப் பெற்றோர் சார்ந்திருப்பவராகக் காட்டினால், நிலையான கழிவைக் கணக்கிடும்போது அது உழைத்த வருமானம். குறைந்த வருமான உழைப்பாளிகளுக்கான இஐடிசி சலுகைக்குப் போனால் உழைத்த வருமானம் இல்லை. ஐஆர்ஏவில் மறுபடியும் உண்டு. சரி, ஐஆர்ஏவில் போட்டாயிற்று, குறைந்த வருமானக்காரர்களுக்கான சேமிப்புச் சலுகை கிடைக்குமா என்றால், ஆண்டில் ஐந்து மாதம் முழுநேர மாணவராக இருந்தவருக்குக் கிடையாது. யாரோ பகுத்தறிந்து எழுதிய விதிகள் என்று நான் நம்பத் தயாரில்லை.

இந்த இடத்தில்தான் மென்பொருள் விழுகிறது. நான் பார்த்த சிலவற்றில் ஸ்டைபெண்டைக் கல்விப் பகுதியில் கொடுத்தால் ஒழுங்காக 8ஆருக்குப் போய்விடும். ஐஆர்ஏ பகுதி அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. டபிள்யூ-2வையும் சுயதொழிலையும் மட்டும் தேடிவிட்டு, வருமானமே இல்லை, போட்டது முழுவதும் அதிகப்படி, 6 சதவீதம் கட்டு என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும். பயந்துபோய் நியாயமாகப் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கோ ஒரு மூலையில் டிக் செய்ய ஒரு கட்டம் இருக்கும்; அதைச் செய்தால் மிரட்டல் நின்றுவிடும். இளங்கலை மாணவரும் அதே கட்டத்தை டிக் செய்யலாம், அப்போதும் நின்றுவிடும். அங்கேதான் எனக்குப் பயம்.

இன்னொரு இடறல் கழிவில் இருக்கிறது. 2024-இல் செப்டம்பர் கடைசியில் சேர்ந்த ஒருவருக்கு மாதம் 2,800 வீதம் மூன்று மாதம், மொத்தம் 8,400 டாலர். கட்டாயக் கட்டணமும் புத்தகமும் 1,900. வரிக்குரியது 6,500. வேறு வருமானம் கிடையாது. ராத் வரம்பு 7,000 என்று படித்துவிட்டு முழுசாகப் போட்டிருக்கிறார். 500 டாலர் அதிகம். "வருஷத்துக்கு முப்பது டாலர்தானே ஆன்ட்டி?" என்றார். எடுக்காமல் விட்டால் எத்தனை வருஷம் என்று திருப்பிக் கேட்டேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளின் கதை தனி. எஃப்-1 மாணவர் விசாவில் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் பெரும்பாலோருக்கு வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் படிவம்தான். ஃபெலோஷிப் 1042-எஸ் படிவத்தில் 16-ஆம் குறியீட்டோடு வரும், 14 சதவீதம் பிடித்திருப்பார்கள். இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவால் நம் மாணவர்களுக்கு நிலையான கழிவு உண்டு. 2024-க்கு அது 14,600 டாலர். மற்ற நாட்டவர் பெரும்பாலோருக்கு இல்லாத சலுகை, அதை விட்டுவிட்டுத் தாக்கல் செய்பவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். பக்கத்து அறைச் சீன மாணவருக்கு ஒப்பந்தப்படி ஃபெலோஷிப்புக்கு வரியே இல்லை. வருமானத்தில் சேராத பணம் ஐஆர்ஏவுக்கும் உதவாது. "அவன் போட்டான், நானும் போட்டேன்", "அவன் போடலை, நானும் போடலை" இரண்டுமே என் மேசையில் தவறான பதில்கள்.

என் அலுவலகத்தை வாங்குபவர்கள் இளைஞர்கள், சுறுசுறுப்பானவர்கள். இனி யாரும் நேரில் வர வேண்டாமாம். போர்ட்டலில் படிவங்களை ஏற்றினால் போதும், எண்களை அதுவே படித்துக்கொள்ளும். காட்டினார்கள். டபிள்யூ-2வுக்கு ஒரு பெட்டி, 1099-களுக்கு ஒன்று, 1098-டிக்கு ஒன்று, ஐஆர்ஏவுக்கான 5498-க்கு ஒன்று. ஃபெலோஷிப் கடிதத்தை எங்கே போடுவது என்று கேட்டேன். அது டாக்ஸ் டாக்குமென்ட் இல்லையே மேடம் என்றார்கள்.