எண்ணும் வேலையும் எழுதும் வேலையும்

ரோபோவின் சக்கரம் சுழல்வதை மின்துடிப்புகளாக மாற்றித் தரும் உணரியே என்கோடர். அதன் ஏ, பி என்னும் இரு தடங்களும் 90 பாகை முன்பின்னாக மாறுவதால், துடிப்புகளின் எண்ணிக்கையிலிருந்து சென்ற தொலைவும், எந்தத் தடம் முந்துகிறது என்பதிலிருந்து சுழலும் திசையும் தெரியவருகின்றன. இந்த எண்ணிக்கை பிசகும்போது என்கோடர் மீதும் வயர்கள் மீதும் சந்தேகம் விழுவது இயல்பு; ஆனால் பிழையைக் கண்டுபிடிப்பதற்கென்று எண்ணைக் கணினித் திரைக்கு அனுப்ப நிரலில் சேர்த்த சீரியல் வரியே பல நேரங்களில் பிழைக்குக் காரணமாகிவிடுகிறது.

ஆர்டுயினோ ஊனோவில், வினாடிக்கு 9600 பிட் வேகத்தில், தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்ந்து ஓர் எழுத்துக்கு 10 பிட் ஆவதால், 12 எழுத்துள்ள ஒரு வரி வெளியேற 12.5 மில்லிவினாடி பிடிக்கிறது. வெளியேறக் காத்திருக்கும் எழுத்துகளைத் தாங்கும் பஃபர் நிரம்பாதவரை இந்தத் தாமதம் தெரிவதில்லை. நிரம்பிவிட்டால், இடம் கிடைக்கும்வரை நிரல் அங்கேயே நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள்ளேயே தடங்களைப் படித்து எண்ணும் நிரலாக இருந்தால், வினாடிக்கு 1000 துடிப்பு வரும் வேகத்தில், ஒரு வரி எழுதி முடிவதற்குள் 12 துடிப்புகள் கடந்துபோக, அவற்றில் பெரும்பாலானவை கணக்கில் ஏறுவதில்லை. மெதுவாகச் சுழற்றும்போது சரியாக வரும் எண் வேகத்தில் குறைந்துபோவது இக்கோளாறின் அடையாளம்.

இதற்குத் தீர்வு இன்டரப்ட், அதாவது தடம் மாறியதும் நடப்பு வேலையை நிறுத்திவைத்து ஒரு சிறு செயற்கூற்றை இயக்கும் வசதி. ஊனோவில் 2, 3 ஆகிய பின்கள் இதற்கு உரியவை. அச்செயற்கூறு எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே வேண்டும். அதற்குள்ளேயே அச்சிட முனைந்தால், காத்திருக்கும் மாற்றங்களில் பின்னுக்கு ஒன்று மட்டுமே பதிவில் நிற்குமாதலால் எஞ்சியவை தொலைந்துவிடும்.

எண்ணைப் படிப்பதிலும் கவனம் தேவை. ஊனோவின் செயலி 8 பிட் கொண்டதாகையால் பெரிய எண்ணை பைட் பைட்டாகவே எடுக்கிறது. இரு பைட்டுகளை எடுப்பதற்கு நடுவே இன்டரப்ட் குறுக்கிட்டு 255 என்பதை 256 ஆக்கினால், பழைய கீழ்பைட்டும் புதிய மேல்பைட்டும் சேர்ந்து 511 என்னும் பொய்யெண் திரையில் தோன்றக்கூடும். ஆகவே எண்ணைத் தாங்கும் மாறியை வாலட்டைல் என்று அறிவித்து, இன்டரப்டைக் கணநேரம் நிறுத்தி எண்ணைப் படியெடுத்துக்கொண்டு, இன்டரப்டை மீண்டும் இயக்கிய பிறகே அச்சிடுதல் முறை.

எண்ணுவதை இன்டரப்டுக்கும் எழுதுவதை லூப்புக்கும் பிரித்துக் கொடுத்து, மோட்டாரை இயக்காமல் சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, வரவேண்டிய எண்ணும் வந்த எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே வேகக் கட்டுப்பாட்டு நிரலில் கைவைக்க வேண்டும்.