மணிக்கு ஒரு வேலி



"வேலிக்கு ஓணான் சாட்சி" என்பார்கள். எங்கள் வீட்டு வேலிக்கு ஓணான் கிடையாது. மணி என்கிற நாய்தான் சாட்சி. நாய்க்கு வேலி போட்டதெல்லாம் ஆண்டு மலரில் எழுதுகிற விஷயமா என்று சிரித்துவிடாதீர்கள். அந்த ஒரு வேலியைத் தேர்ந்தெடுப்பதற்குள் இரும்பு, துத்தநாகம், சட்டம், பக்கத்து வீட்டு ஆயா என்று எத்தனை பேரிடம் யோசனை கேட்க வேண்டியிருந்தது தெரியுமா?

கல்மண்டபம் தெரியாத நண்பர்களுக்கு முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில், கூப்பிடு தூரத்தில் கடல். ஒரு பக்கம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். இன்னொரு பக்கம் 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது அங்கிருந்துதான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும். 40 அடிப் பெட்டியைச் சுமந்து வரும் டிரெய்லர் டிரைவருக்கு, சக்கரத்தின் ஓரம் நிற்கும் மனிதனே கண்ணில் படுவது கஷ்டம். நாய் எந்த மூலை?

நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. பின்பக்கம் ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்தரை. இரண்டு பக்கம் சுவர். மற்றபடி 16 அடி நீளத்துக்குச் சந்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. பழைய மூங்கில் தட்டி செல்லரித்துப் போயிருந்தது. அதன் இடுக்கு வழியாக மணி சந்துக்குப் போவான், சந்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போவான். தெருவில் கிடந்த குட்டியை நாங்கள் எடுத்து வளர்த்ததுதான் அவன். அதனால் தெரு அவனுக்குத் தாய்வீடு மாதிரி!

ஒருநாள் வீட்டுக்காரர் வந்து நின்றார். "சந்துல சின்னப் பசங்க வெளையாடுதுங்க. பத்து நாள் டைம். ஒண்ணு வேலி போடு, இல்ல நாயை அனுப்பிடு." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எங்கே அனுப்புவது? வெளியே விட்டால் லாரிச் சக்கரம்தான். அம்மா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவே இல்லை.

"இதுக்கு எதுக்குடா வேலி? சங்கிலில கட்டிப் போடு, முடிஞ்சுது" என்றார்கள் பலர். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் லோடு வேலை செய்கிறவர். கோடவுன்களில் காவல் நாய்களைப் பார்த்தவர். "கட்டிப் போட்ட நாய்தான்டா கடிக்கும்" என்றார். சட்டமும் அப்பா பக்கம்தான் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவில், ரொம்பக் குட்டையான அல்லது ரொம்பக் கனமான சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டிப் போடுவதைக் குற்றம் என்கிறது. ஆக, சங்கிலி இல்லை, வேலிதான் என்று முடிவாயிற்று. எந்த வேலி என்பதுதான் கேள்வி.

முதலில் முள்கம்பி. மலிவுதான். ஆனால் நாய் தாண்டப் பார்த்தால் வயிறு கிழியும். பந்து எடுக்க வரும் பிள்ளைகளின் கை கிழியும். வேண்டாம்.

காசிமேட்டில் பழைய நைலான் வலை சும்மாவே கிடைக்கும். ஆனால் மணி அதை ஒரே ராத்திரியில் கடித்துவிடுவான். காலோ கழுத்தோ சிக்கினால், இழுக்க இழுக்க இறுக்கும். மீனுக்கே அது எமன்!

தகர ஷீட்டு? உப்புக் காற்றில் ஓரம் துருப்பிடித்துக் கத்தியாகிவிடும். காற்றையும் அது முழுசாக வாங்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் தகரங்கள் பறந்ததைச் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஹாலோ பிளாக் சுவர்தான் உறுதி. ஆனால் வாடகை வீட்டில் சுவர் எழுப்ப நமக்கு உரிமை ஏது?

மிஞ்சியது கம்பி வலை. அப்போதுதான் அப்பா கேட்டார்: "உங்க புக்குல இதுக்கு இன்னா போட்டுக்கீது?" எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். என் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டது அதுதான் முதல் தடவை. முதலாண்டு வேதியியல் புத்தகத்தை எடுத்து, அரிமானப் பாடத்தைத் தமிழில் சொன்னேன். உப்பு கலந்த ஈரம் இரும்பைச் சீக்கிரம் தின்னும். துத்தநாகம் பூசினால், அது இரும்பைவிட வேகமாக வினைபுரிவதால் முதலில் தன்னைக் கொடுத்துவிட்டு இரும்பைக் காப்பாற்றும். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வீட்டுக்கு ஒருத்தன் அப்படித்தான்டா இருக்கான்" என்றார்.

வெல்டிங் பட்டறை மாமாவிடம் போனேன். புத்தகத்தில் இல்லாததை அவர் சொன்னார். "ஜி.ஐ. கம்பி வாங்கு. ஆனா அதுல வெல்டிங் வெக்காத. வெச்ச எடத்துல பூச்சு எரிஞ்சி போயிடும், அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். ஓட்டை போட்டு போல்ட்டு மாட்டு." இன்னொன்றும் சொன்னார்: தூண் துருப்பிடித்து ஒடிவது மண்ணும் காற்றும் சேருகிற இடத்தில்தானாம். அதனால் கான்கிரீட்டைத் தரைக்கு மேலே 2 அங்குலம் தூக்கி, தண்ணீர் வழிகிற மாதிரிச் சரிவாகப் பூசச் சொன்னார்.

கம்பியின் தடிமனையும் கவனிக்க வேண்டும். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 10 கேஜ் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ., 14 கேஜ் 2.03 மி.மீ. கடைக்காரர் 14-ஐ நீட்டினார், விலை குறைவு. நாங்கள் 12 கேட்டு வாங்கினோம். கண் அளவு 2 அங்குலம். மணியின் தலை நுழையாது.

எவ்வளவு உயரம்? பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்து மணியை எம்பவிட்டு அளந்தேன். முன்னங்கால் மூன்றரை அடி வரை போயிற்று. ஆகவே தரைக்கு மேல் 5 அடி. ஆனால் நாய் மேலே தாண்டுவதைவிடக் கீழே தோண்டுவதில்தான் கெட்டிக்காரன். அதனால் 6 அடி அகல வலை வாங்கி, அடியில் 1 அடியை உள்பக்கமாக மடக்கி மண்ணுக்குள் புதைத்து, மேலே செங்கல் அடுக்கினோம். எங்கே தோண்டினாலும் காலுக்குக் கம்பிதான் தட்டுப்படும். கதவு உள்பக்கம் திறக்கும்படி வைத்தோம். உள்ளேயிருந்து மணி தள்ளத் தள்ள அது மூடத்தான் செய்யும்.

இவ்வளவும் நாயைப் பற்றிய கணக்கு. பக்கத்து வீட்டு ஆயாதான் அடுத்த கணக்கைக் கொண்டுவந்தார். "நைனா, நீ வேலி போட்டுக்கோ. நான் தண்ணி புடிக்க அந்தப் பக்கம்தானே வர்றேன்? அது பாஞ்சா எனக்கு நெஞ்சு நின்னுடும்." அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். கீழே 2 அடிக்குப் பழைய பைபர் ஷீட்டைக் கட்டினோம். சந்தில் போகிற கால்கள் மணிக்குத் தெரியாது, குரைப்பதும் குறையும். பிள்ளைகள் கைவிட முடியாது. நின்று பார்த்தால் ஆயாவுக்கு நாய் எங்கே இருக்கிறது என்று தெரியும். வலையின் மேல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளையெல்லாம் குறடால் மடக்கிவிட்டோம்.

தூண்களுக்கு ஆங்கிள் காயலாங்கடையில் எடைக்குக் கிடைத்தது. அப்பா சீட்டுப் பணம் கொடுத்தார். நாலாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு நண்பர்கள் இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். அம்மாவின் மீன் குழம்புதான் கூலி! எட்டாம் நாள் வீட்டுக்காரர் வந்து வேலியை ஆட்டிப் பார்த்தார். "நம்ம வாசல் கேட்டு இவ்ளோ ஸ்ட்ராங்கா இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். மணி தங்கினான்.

நண்பர்களே! வேலி போட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆகவே தடுப்பூசி முக்கியம். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுப்பதையும் மறந்துவிடக் கூடாது.

2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆகஸ்ட் 22-ல் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. ஒரு கட்சி நாயை மட்டும் பார்த்தது, இன்னொரு கட்சி கடிபட்ட குழந்தையை மட்டும் பார்த்தது. எங்கள் சந்தில் இரண்டு பேரையும் பார்க்க வேண்டியிருந்தது.

வேலியில் ஒரு பக்கம்தான் நம்முடையது, மறுபக்கம் அடுத்தவருடையது. நாளை நாம் டிப்ளமா முடித்து மிஷின் செய்யலாம், பாலம் கட்டலாம், லைன் இழுக்கலாம். எதைச் செய்தாலும் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அந்தப் பக்கம் நின்று தண்ணீர் பிடிக்கிற ஆயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளவெடுப்போம்!